கேனின் வாயைப் பாருங்கள்: வீட்டிலும் கடையிலும் பெட்ரோல் வைத்திருப்பவர்களுக்கு



எங்கள் தவறிலிருந்தே தொடங்கிவிடுகிறோம். ரமளான் இரவுகளில் தராவீஹ் நடக்கும்போது கரண்ட் போனால் ஓட்டுவதற்கென்று அறக்கட்டளையிடம் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. போன ரமளானுக்கு முன்பு ஸ்டோர் ரூமை ஒழுங்கு செய்தோம். பாய்கள், தேக்சாக்கள், கிழிந்த ஜமுக்காளம் இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருந்தது. சமையல் எண்ணெய் வந்த கேன். உள்ளே மூன்று லிட்டர் அளவுக்குப் பெட்ரோல். மூடி எப்போதோ தொலைந்துபோய், வாயில் பாலிதீன் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அந்த அறைக்கு ஒரு சுவர் தள்ளித்தான் நோன்புக் கஞ்சிக்கு விறகடுப்பு மூட்டுகிறோம். அஸருக்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். அந்தக் கேன் எத்தனை நாளாக அங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. யார் வைத்தது என்று கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து மருத்துவ உதவி கேட்டு ஒரு மனு வந்தது. தந்தை டூவீலர் மெக்கானிக். பார்ட்ஸ் கழுவ வாங்கியதில் மிச்சமான பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் வைத்திருக்கிறார். விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவந்த நான்கு வயதுப் பையன் அதை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டான். குடித்தது ஒரு வாய்தான். ஆனால் இருமும்போது அது நுரையீரலுக்குள் போய்விட்டது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்து, அல்ஹம்துலில்லாஹ், நலமாகத் திரும்பினான். அந்தத் தந்தை எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "மூடி போட்டுத்தான் வச்சிருந்தேன் பாய்."

மூடி போட்டிருந்தார். ஆனால் தண்ணீர் பாட்டிலின் மூடியை எப்படித் திறப்பது என்பது நான்கு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

நம் குடும்பங்களில் பெட்ரோல் புழங்காத வீடு குறைவு. மெக்கானிக் கடை, பஞ்சர் கடை, கல்யாண மண்டபத்துக்கு சவுண்டு சர்வீஸ், ஜெனரேட்டர் வாடகை, மருந்து தெளிக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின் என்று எங்கு பார்த்தாலும் அது உண்டு. வத்தல்மலை, சித்தேரி பக்கம் உறவினர் இருப்பவர்கள், வழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பாட்டில் கையோடு கொண்டுபோவதும் உண்டு. இதெல்லாம் தேவைதான். தேவையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எதில் வைக்கிறோம், எங்கே வைக்கிறோம் என்பதைத்தான் பேச வருகிறோம்.

எரிவது எது?

பெட்ரோல் எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் எரிவது அதன் ஆவி. மண்ணெண்ணெயைத் தட்டில் ஊற்றித் தீக்குச்சியைப் போட்டால், நம் ஊர்ச் சாதாரண வெப்பத்தில் சட்டென்று பற்றாது, திரி வேண்டும். பெட்ரோல் அப்படியல்ல. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடப் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். தருமபுரியின் சித்திரை வெயிலில் அது எப்படி ஆவியாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீர் மாதிரி தரையோடு தவழ்ந்து, படியிறங்கி, கதவின் அடியில் நுழைந்து போகும். வழியில் அடுப்போ, பூஜ்ஜியம் வாட் பல்பின் தளர்ந்த சுவிட்சோ, ஊதுபத்தியின் நுனியோ இருந்தால் அங்கே பற்றி, வந்த வழியிலேயே கேனுக்குத் திரும்பி ஓடிவரும். பெட்ரோல் ஓர் அறையிலும் அடுப்பு அடுத்த அறையிலும் இருக்கிறது என்பது இதனால்தான் பாதுகாப்பு ஆகாது. எங்கள் ஸ்டோர் ரூம் விஷயத்தில் எங்களுக்கு உறைத்ததும் இதுதான்.

ஒரு கணக்குச் சொல்கிறோம். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி பெட்ரோல் முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 40 லிட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே பற்றும். ஆக, ஒரு டம்ளர் பெட்ரோலால் நம் வீட்டுச் சின்னக் குளியலறை ஒன்றின் காற்று முழுவதையும் பற்றக்கூடியதாக ஆக்கிவிட முடியும். எங்கள் கேனில் இருந்தது பதினைந்து டம்ளர்.

இதனால்தான் கேன் வாங்கும்போது அதன் வயிற்றை அல்ல, வாயைப் பாருங்கள் என்கிறோம். எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது இரண்டாவது கேள்வி. வாயை எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது, மூடிக்குள் வாஷர் இருக்கிறதா, கவிழ்த்துப் பிடித்தால் கசிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டதையும், நெருப்பு மனிதனுக்கு எதிரி, உறங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் அறிவுறுத்தியதையும் அபூமூஸா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அன்று வீட்டுக்குள் இருந்தது ஒரு விளக்குத்தான். இன்று நாம் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறோம், ஆனால் கட்டிலுக்கு அடியில் கேன் இருக்கிறது.

சட்டம் சொல்வது

பெட்ரோலியச் சட்டம் 1934ஆம் ஆண்டு வந்தது. இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. 23 டிகிரிக்குக் கீழேயே பற்றக்கூடிய ஆவி விடும் எண்ணெய்களை அது முதல் வகுப்பில் வைக்கிறது. பெட்ரோல் அந்த வகுப்பு. டீசலும் மண்ணெண்ணெயும் அடுத்த வகுப்பு. அவற்றுக்கு விதிகள் சற்றுத் தளர்வு.

விற்பதற்காக அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு என்றால், உரிமம் இல்லாமல் ஒருவர் மொத்தம் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 8ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமதியோடு பாத்திரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது: இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் வகை அல்லது உலோகப் பாத்திரம். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மேல் போகக் கூடாது. உலோகம் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான் பட்டியல். பிளாஸ்டிக் அதில் இல்லை. எழுதப்பட்ட காலத்தில் பிளாஸ்டிக் கேன் நம் பக்கம் வரவே இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் எண்ணெய் கேனிலும் தண்ணீர் பாட்டிலிலும் பெட்ரோல் வைத்துவிட்டு, '30 லிட்டர் வரைக்கும் சட்டமே விட்டிருக்கிறது' என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, இந்த 30 லிட்டர் சலுகை விற்பவருக்குக் கிடையாது. ஊர்ப்பக்கம் பெட்டிக்கடையில் ஒரு லிட்டர் பாட்டில்களை வரிசையாக அடுக்கி விற்பதைப் பார்க்கிறோம். அவசரத்துக்கு உதவி என்றுதான் நாமும் வாங்குகிறோம். அந்தக் கடையில் ஒரே பலகையில் பெட்ரோல் பாட்டிலும், அதன் பக்கத்தில் பீடி பற்றவைக்கத் தொங்கும் எரியும் கயிறும் இருப்பதை அடுத்த முறை கவனியுங்கள். நம் சகோதரர்கள் யாராவது இப்படி விற்றுக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். லாபம் பாட்டிலுக்குச் சில ரூபாய். தீப்பிடித்தால் வழக்கும் உங்கள் மேல்தான்.

பங்க்கில் பாட்டிலில் ஊற்ற மறுத்தால் கோபப்பட வேண்டாம். பாட்டிலில் பெட்ரோல் கொடுக்கக் கூடாது என்று காவல்துறை அவ்வப்போது உத்தரவு போடுகிறது. அதற்கான காரணத்தைத் தருமபுரிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி இலக்கியம்பட்டியில் வேளாண்மைக் கல்லூரி மாணவிகள் வந்த பேருந்து கொளுத்தப்பட்டு மூன்று பிள்ளைகள் கருகி இறந்தது நம் ஊரில்தான். பங்க் ஊழியர் மறுப்பது நம்மைச் சந்தேகப்பட்டு அல்ல. ஜெனரேட்டருக்கோ ஸ்பிரேயருக்கோ தேவை என்றால், பகலில், முறையான உலோகக் கேனோடு போய், எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் அவர் பொறுப்பு.

எந்தக் கேன் நல்லது?

ஒரு சின்னக் கதை. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயப் படை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் பெட்ரோலை நான்கு கேலன் தகர டின்களில் கொண்டுபோனது. நம் தாத்தா காலத்து மண்ணெண்ணெய் டின்னை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதேதான். லாரி குலுங்கக் குலுங்க ஓரம் விட்டு, வழியெல்லாம் ஒழுகி, போய்ச் சேரும்போது கணிசமான பகுதி குறைந்திருந்தது. எதிரில் இருந்த ஜெர்மானியரிடம் 1937இல் வடிவமைத்த 20 லிட்டர் எஃகு கேன் இருந்தது. மேலே மூன்று கைப்பிடி. நடுப்பிடி ஒருவர் தூக்க, ஓரப்பிடிகள் இருவர் சேர்ந்து தூக்க. பக்கங்களில் குறுக்காக அழுத்திய பள்ளக் கோடுகள், வெயிலில் உள்ளே இருப்பது விரிந்தாலும் தகடு வெடிக்காமல் வளைந்துகொடுக்க. வாய்க்கு நெம்பி மூடும் கொக்கி மூடி. ஸ்பேனர் தேவையில்லை, ஆனால் தற்செயலாகத் திறக்கவும் திறக்காது. கைப்பற்றிய கேன்களைப் பார்த்த ஆங்கிலேயர் அதையே நகல் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மானியருக்கு அவர்கள் வைத்திருந்த கேலிப்பெயர் 'ஜெர்ரி'. அதனால் அது ஜெர்ரி கேன் ஆயிற்று. இன்று நாம் எந்த பிளாஸ்டிக் கேனையும் ஜெர்ரி கேன் என்கிறோம். கடையில் கேட்கும்போது 'இரும்பு ஜெர்ரி கேன்' என்று சொல்லிக் கேளுங்கள்.

20 லிட்டர் வீட்டுக்கு வேண்டாம். நிறைத்தால் பெட்ரோல் மட்டுமே பதினைந்து கிலோ எடை, தூக்கி ஊற்றும்போதுதான் சிந்தும். 5 லிட்டர் போதும், மண்டப ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு 10 லிட்டர். ஓரங்கள் வெல்டிங் செய்யப்பட்டிருக்க வேண்டும், மடக்கி ஈயம் வைத்தது வேண்டாம். கழுத்தில் கம்பி வலை இருந்தால் இன்னும் நல்லது. வெளியில் பற்றிய தீ அந்த வலையைத் தாண்டி உள்ளே போவது தடுக்கப்படும். மெல்லிய வலையின் வழியாகப் போகும்போது சுடர் சூட்டை இழந்து அணைந்துவிடும். நிலக்கரிச் சுரங்க விளக்குக்காக 1815இல் ஹம்ப்ரி டேவி கண்டுபிடித்த அதே வித்தைதான் இது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனைக்கு வரும் பெட்ரோல் கேன்களில் இந்தத் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது.

நம் வீடுகளில் சாதாரணமாகப் பயன்படுத்தும் பாத்திரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும் மிக மோசம். கரைந்துவிடும் என்பதற்காக அல்ல, குடிக்கும் பாத்திரம் என்பதற்காக. மூடியும் ஆவியைத் தடுக்கச் செய்ததல்ல. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனும் வேண்டாம். அதில் பல கேன்கள் பாலிகார்பனேட் என்ற வகை. பெட்ரோல் பட்டால் நாளடைவில் நூல் நூலாக வெடிக்கும். சமையல் எண்ணெய் கேனும், பினாயில் கேனும் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு வெயிலில் உப்பி, அடிப்பக்கம் வியர்க்கத் தொடங்கும். கேனைச் சுற்றி எப்போதும் வாசனை வருகிறதென்றால் ஆவி வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எண்ணெய் வந்த 15 கிலோ டின் இரும்புதானே என்பீர்கள். அதன் வாயை ஒருமுறை குத்தித் திறந்துவிட்டால் மறுபடி மூட வழியில்லை. அது ஆங்கிலேயர் கைவிட்ட டின்னின் தம்பி.

கேனை வாங்கியதும் சிவப்புப் பெயிண்ட் அடித்துப் 'பெட்ரோல்' என்று எழுதுங்கள். எங்கள் கேனில் தமிழிலும் உருதுவிலும் எழுதி, படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ஒரு தீப்பிழம்பும் வரைந்திருக்கிறோம். படம் கொஞ்சம் செம்பருத்திப் பூ மாதிரி வந்துவிட்டது, பரவாயில்லை. விளிம்பு வரை ஊற்றாதீர்கள். இருபதில் ஒரு பங்கு காலி விடுங்கள். பத்து டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் நூற்றுக்கு ஒரு பங்கு விரியும், ஆவியின் அழுத்தம் அதற்கு மேல்.

நிறைய வாங்கிச் சேர்த்தும் வைக்காதீர்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மூடி சரியில்லாத கேனில் வாரக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாமல் தகராறு செய்யும். மாதம் ஒருமுறை கேனில் மிச்சம் இருப்பதை வண்டி டேங்கில் ஊற்றித் தீர்த்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். பெட்ரோலுக்கு நாம் வைத்திருப்பதிலேயே சிறந்த பாத்திரம் வண்டியின் டேங்க்தான்.

எங்கே வைப்பது, எப்படிக் கொண்டுபோவது

வீட்டுக்குள் எந்த இடமும் சரியில்லை. சமையலறை, படிக்கட்டு அடி, குளியலறை, பரண் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமான இடத்தில், பூட்டக்கூடிய கம்பிக்கூண்டு அல்லது ஓட்டைகள் உள்ள இரும்புப் பெட்டி. இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்தில் வேண்டாம். மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது முடியாது என்று தெரியும். அப்படியானால் வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில்.

பங்க்கில் கேனில் ஊற்றும்போது கேனைத் தரையில் வையுங்கள். வண்டி சீட்டின் மேலோ, டெம்போவின் பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ, கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டோ ஊற்றக் கூடாது. பெட்ரோல் குழாயில் ஓடி வரும்போது மின்னேற்றம் சேரும். ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று பொறி தெரிகிறதே, அதே சங்கதிதான். உலோகக் கேன் தரையில் இருந்து, குழாய் முனை அதன் வாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த மின்னேற்றம் தரைக்குப் போய்விடும். பிளாஸ்டிக்கில் போக வழியில்லை.

பைக்கின் ஹேண்டில் பாரில் மாட்டாதீர்கள். காரில் என்றால் டிக்கியில் நிமிர்த்தி வைத்துக் கட்டி, கண்ணாடியை இறக்கி, வேறெங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வாருங்கள். வெயிலில் காரைப் பூட்டிவிட்டு ஜும்ஆவுக்குப் போய்விட வேண்டாம். டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் கூடவே கூடாது. ரயிலில் எளிதில் தீப்பற்றும் பொருள் கொண்டுபோனால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மொரப்பூரில் ஏறி சேலத்தில் இறங்கும் சின்னப் பயணத்துக்கும் அதே சட்டம்தான்.

தொப்பூர் கணவாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே லாரிகள் கவிழ்வது நமக்குப் பழகிப்போன செய்தி. சரக்கு லாரி கவிழ்ந்தால் சாக்கோடு ஓடுகிறவர்களும் உண்டு. டேங்கர் கவிழ்ந்தால் குடத்தோடு ஓடுவார்கள். 2017 ஜூன் 25, பாகிஸ்தானின் பஹாவல்பூர் மாவட்டத்தில் நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள். நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் ஒன்று கவிழ்ந்தது. அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள் பாட்டில், வாளி, கேன் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வயலில் தேங்கிய பெட்ரோலை மொண்டுகொண்டிருந்தபோது பற்றியது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெண்களும் பிள்ளைகளும் சேர்த்து. பல வீடுகளில் மறுநாள் பெருநாளே இல்லை. தொப்பூர் சாலையோரம் குடியிருக்கும் குடும்பங்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். டேங்கர் கவிழ்ந்தால் காற்று வீசும் திசைக்கு எதிராக, மேட்டுப்பக்கம் விலகி ஓட வேண்டும். பைக்கை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

மெக்கானிக் சகோதரர்களுக்கு

காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. நிறைந்ததற்குள் காற்றுக்கு இடமில்லை. காலியானதற்குள் ஆவியும் காற்றும் பற்றும் அளவில் கலந்து நிற்கும். டேங்க் வெல்டிங் செய்யும்போது வெடிப்பது இதனால்தான். தண்ணீர் விட்டு ஒருமுறை கழுவியது போதாது. சோப்புத்தூள் போட்டுப் பலமுறை அலசி, முடிந்தவரை தண்ணீர் நிரப்பி வைத்து, பற்றவைக்கும் இடம் மட்டும் வெளியே தெரியும்படி வேலை செய்பவரிடமே கொடுங்கள். பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர்களும் டேங்கைக் கட்டரால் அறுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

டியூபை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பையனுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். கையால் அழுத்தும் ரப்பர் பம்ப் கடைகளில் கிடைக்கிறது. பார்ட்ஸ் கழுவப் பெட்ரோலுக்குப் பதில் டீசலோ மண்ணெண்ணெயோ பயன்படுத்தினால் ஆபத்து பெருமளவு குறையும். பெட்ரோல் பட்ட சட்டையோடு வீட்டுக்குப் போய் நேராக அடுப்படியில் நிற்காதீர்கள். சகோதரிகளே, அந்தத் துணியை வாஷிங் மெஷினில் போடும் முன் வெளியே கொடியில் நன்றாகக் காயவையுங்கள். ஜெனரேட்டர் ஓட்டும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு, அதன்பிறகு ஊற்றுங்கள். கல்யாண வீட்டில் விளக்கு அணைந்தால் எல்லோரும் சத்தம் போடத்தான் செய்வார்கள். போடட்டும்.

தப்பித் தவறி நடந்துவிட்டால்

பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீரைவிட லேசானது என்பதால் மேலே மிதந்து தீயோடு பரவும். மணல், ஈரச் சாக்கு, அல்லது உலர்தூள் தீயணைப்பான். கைமீறினால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112 அழையுங்கள். உடம்பில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். தீப்புண்ணில் ஓடும் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். பேஸ்ட், மஞ்சள், மை, முட்டை எதுவும் தடவ வேண்டாம். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்க வேண்டாம்.

பிள்ளை பெட்ரோலோ மண்ணெண்ணெயோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது இரண்டும் வேண்டாம். வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து, வாந்தி அதைத்தான் செய்யும். 108 அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவும் பகலும் அவசரப் பிரிவு உண்டு. குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் போங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்துத் தொடங்கலாம். குடித்த பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஜெனரேட்டருக்கு இப்போது 5 லிட்டர் இரும்புக் கேன் ஒன்று வாங்கியிருக்கிறோம். கஞ்சி அடுப்புக்கு எதிர்ப்பக்கம், மதில் ஓரத்தில் கம்பிக்கூண்டு செய்து பூட்டியாகிவிட்டது. சாவி முஅத்தினிடம் இருக்கிறது. இதே கேன் வேண்டும் என்பவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். மெக்கானிக் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்குப் பாதி விலையை அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ். வீட்டில் இப்போது பாட்டிலில் பெட்ரோல் இருந்தால் கேன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம், ஆவி அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். இன்றே வண்டி டேங்கில் ஊற்றிவிட்டு, பாட்டிலை வெளியில் திறந்து உலரவைத்து, வேறு யாரும் எடுத்துத் தண்ணீர் பிடிக்க முடியாதபடி நறுக்கிப் போடுங்கள்.